நாற்பத்து மூன்று சுயம்புலிங்கங்கள்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழரைக்குக் கருக்குவிளை வந்து சேர்ந்தேன். பேருந்தை விட்டு இறங்கியதுமே டீக்கடையில் நின்ற ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எந்தச் சுயம்பு?" என்று கேட்டார். ஆறு வருடம் கழித்து வருகிறவனை எங்கள் ஊரில் இப்படித்தான் விசாரிப்பார்கள்.

இந்த நோட்டு பிருந்தா வாங்கித் தந்தது. "யாரைப் பார்த்தீங்க, என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க. நாளைக்கு ஸ்டேஷன்ல கேட்டா காட்டலாம்" என்று பையில் வைத்து அனுப்பினாள். என் மனைவி கணக்கு டீச்சர். எதற்கும் வழிமுறை எழுதியிருக்க வேண்டும் அவளுக்கு.

என் பெயர் சுயம்புலிங்கம். அப்பா பெயரும் சுயம்புலிங்கம். வயது முப்பத்து நான்கு. அம்பத்தூரில் வால்வு செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர். மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் இருபதுக்குள் புதுப்பித்த பாஸ்போர்ட்டை அவர்களிடம் காட்ட வேண்டும். ஆனால் போலீஸ் விசாரணையில் என் பெயரில் ஒரு பழைய விபத்து வழக்கு இருப்பதாக வந்து நிற்கிறது. 'சுயம்பு என்கிற சுயம்புலிங்கம், த/பெ சுயம்புலிங்கம், கருக்குவிளை.' அது நான் இல்லை என்று ஊரில் எழுதி வாங்கிக் கொடுத்தால் போதுமாம்.

வெளியாட்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் மூத்த பையனுக்குச் சாமி பேர்தான், வேறு பேர் வைப்பதில்லை. இன்றைய கணக்குக்கு உயிரோடு இருக்கும் சுயம்புலிங்கங்கள் நாற்பத்து மூன்று பேர். வாட்ச் சுயம்பு, சோடா சுயம்பு, ஒத்தப்பல் சுயம்பு, பாம்பே சுயம்பு என்று பட்டப்பெயர் சொன்னால்தான் ஆள் தெரியும். பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் மட்டும் ஐந்து பேர். கொரோனா ஊசி போட வந்த நர்ஸ், ஒரே ஆளுக்கே ஏழு தடவை போட்டுவிட்டோமோ என்று பயந்து அழுதே விட்டாராம்.

எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

அம்மா என்னைப் பார்த்ததும் சந்தோஷப்படவில்லை. "எதுக்குல இப்பம் வந்த? போன்லயே தலைவர்கிட்ட சொல்லியிருந்தா முடிச்சுக் குடுத்திருப்பாருல்லா?" என்றாள். பிறகு இட்லி அவித்தாள்.

ஜூன் 4, புதன்

டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. ஒரு பெண். ஆக்னஸ் என்று சட்டையில் பெயர் இருந்தது. என் மனுவைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், உங்க ஊர்க்காரங்களுக்கு வேற பேரே கெடைக்கலியா?" என்றார். சிரிக்காமல் கேட்டார்.

அலமாரியிலிருந்து பழைய கட்டு ஒன்றை எடுத்து வாசித்தார். 2011 மே 17, மாலை நாலரை மணி. மேலக்காட்டுக்குச் சாலை பிரியும் விலக்கில் வெள்ளைச் சுமை ஆட்டோ ஒன்று சைக்கிள் மேல் மோதிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. சைக்கிளில் வந்த கொத்தனார் சுடலைமுத்து இறந்துவிட்டார். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த மகளுக்கு வலது கால் நசுங்கியது. அவள்தான் சாட்சி. அப்போது பதினொரு வயது. 'ஏ சுயம்பு, நிறுத்தாதல, போல' என்று வண்டிக்குள் ஒருவன் கத்தியதைக் கேட்டிருக்கிறாள். ஓட்டியவன் கண்ணாடி போட்டிருந்தான் என்றும் சொல்லியிருக்கிறாள்.

எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கண்ணாடி போடுவீங்களா?"

"இல்ல மேடம்."

அது உண்மைதான். லென்ஸ் போடுகிறேன். அவர் லென்ஸைப் பற்றிக் கேட்கவில்லை.

கட்டில் இன்னொரு தாளையும் வாசித்தார். "அடையாளம் காட்டும் பொருட்டு சாட்சியைக் கருக்குவிளைக்கு அழைத்துச் சென்றபோது, வரிசையில் நின்ற அனைவரும் கண்ணாடி அணிந்திருந்தபடியால் அடையாளம் காட்ட இயலவில்லை." வாசித்துவிட்டுக் கட்டை மூடினார். "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ரிப்போர்ட்டை நான் பாத்ததில்ல."

ஊர்த்தலைவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றார். வழக்கில் உள்ள சுயம்புலிங்கம் யார் என்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே அனுப்ப முடியாது. டைப் அடித்து இரண்டு பிரதி.

2011 மே 17 அன்று நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியும். இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

தலைவர் மாமா சிமெண்ட் கடையில் இருந்தார். அவரும் ஒரு சுயம்புலிங்கம்தான், மில் சுயம்பு. என்னைக் கண்டதும் எழுந்து வந்து தோளில் கை போட்டுக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு அந்த அடையாள அணிவகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சந்தையில கண்ணாடிக்காரன்கிட்ட இருந்த அம்புட்டையும் சாக்குல வாரிக்கிட்டு வந்தோம்லா! ஒத்தப்பலுக்குப் பொம்பளைக் கண்ணாடிதான் கெடச்சுது. பாம்பேக்குக் கறுப்புக் கண்ணாடி. இன்ஸ்பெக்டர் முழிச்ச முழி இருக்கே! அந்தப் பிள்ளை கம்பு ஊனிக்கிட்டு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து நடந்து பாத்துச்சு. கடைசியில ஓன்னு அழுதுட்டுது."

கடைக்கு வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வேடிக்கையை நான் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பே முதல் பேருந்தில் என்னைச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை தேடத்தான் போனேன்.

கடிதத்துக்கு மாமா ஒரே நிமிஷத்தில் வழி சொன்னார். "ரேடியோ சுயம்பு போன ஐப்பசியில போயிட்டான்லா? அவன் பேரைப் போட்டிருவோம். செத்தவனை எந்தப் போலீசு வந்து புடிக்கப் போவுது?"

"அவங்க வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா மாமா?"

"அதை நான் பாத்துக்கிடுதேன். அந்தக் கொத்தன் குடிச்சிட்டு வந்து விழுந்தான்னுதான் அப்பமே ஊர்ல பேசி முடிச்சாச்சு. இதுல என்ன இருக்கு?"

"அவர் குடிச்சிருந்தாரா?"

"நாமதான சொன்னோம்" என்றார் மாமா. பிறகு என் முதுகில் தட்டி, "உனக்கொண்ணுன்னா ஊரு விட்டுருமால, கண்ணாடி?" என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டுப் பல வருடம் ஆகிறது. மூன்றாம் வகுப்பிலேயே எனக்குக் கண்ணாடி. அதனால் வந்த பெயர்.

திரும்பும் வழியில் சோடா எதிரே வந்தான். தள்ளுவண்டியில் சோடாப் பெட்டிகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். முடி பாதி நரைத்துவிட்டது அவனுக்கு. "எப்பம் வந்த?" என்றான். "முந்தாநாள்" என்றேன். "பாஸ்போர்ட்டாமே?" என்றான். "ஆமா" என்றேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

சோடா எந்த வண்டியிலும் ஏறுவதில்லையாம். பேருந்து, பைக், ஆட்டோ எதிலும். பதினாலு வருடமாக நடைதான். தங்கச்சி கல்யாணத்துக்குத் திருச்செந்தூருக்கே நடந்து போனான் என்று அம்மா சொன்னாள். ஊரில் அதையும் ஒரு வேடிக்கையாகத்தான் சொல்கிறார்கள்.

ஜூன் 6, வெள்ளி

கிணற்று மோட்டார் சரிசெய்தேன். சோடாவைப் பார்க்கப் போகவில்லை.

ஜூன் 7, சனி

மாமா கைப்பட எழுதிக் கொடுத்த கடிதத்தை டைப் அடிக்க டவுனுக்குப் போனேன். ஸ்டேஷனுக்கு நேர் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். கடிதத்தை வாங்கி வேகமாக அடித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ரேடியோ சுயம்புன்னா யாரு?"

"எங்க ஊர்க்காரர். இறந்துட்டார்."

"கண்ணாடி போடுவாராக்கும்?"

நான் பதில் சொல்வதற்குள் மறுபடி அடிக்க ஆரம்பித்துவிட்டாள். முடித்துவிட்டுத் தாள் எடுக்க எழுந்தாள். வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மெஷினில் தாளை வைத்தபடி, என் பக்கம் திரும்பாமலே பேசினாள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"உங்க ஊர்ல இருந்து ஸ்டேஷனுக்கு வாறவிய எல்லாரும் இங்கதான் வந்து எழுதணும். அதுக்குத்தான் ஏழு வருசமா இந்தக் கடையில இருக்கேன். இதைவிட நல்ல வேலை ரெண்டு வந்துது. போகல. என்னைக்காவது எவராவது ஒரு தாளைக் கொண்டாருவாவன்னு இருந்தேன். இப்பம் செத்தவரு பேரைப் போட்டுக் கொண்டாந்திருக்கிய."

"நான் தலைவர் சொன்னதை..."

"எங்கம்மை இன்னைக்கு வரைக்கும் எங்கப்பா படத்தைச் சுவத்துல மாட்டல. குடிச்சிட்டுப் போயிப் பிள்ளை காலையும் ஒடச்சிட்டான்னு. நான் அவரு முதுகுல சாஞ்சுல்லா இருந்தேன்? அவரு மேல சிமெண்ட் வாசந்தான் வந்துது. சின்னப் பிள்ளை பேச்சை யாரு கேக்கா?"

இரண்டு பிரதியையும் நேராகத் தட்டி அடுக்கி, கவரில் போட்டுக் கொடுத்தாள். "தலைவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு எதுத்தாப்புல குடுத்திருங்க" என்றாள். பிறகு, "நீங்க எந்தச் சுயம்பு?"

"சென்னைச் சுயம்பு" என்றேன்.

அவள் பெயர் இசக்கியம்மாள். கடைப் பலகையில் போட்டிருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் தங்கபுஷ்பம் சித்தி வந்தாள். ரேடியோ சுயம்புவின் மனைவி. வாசலுக்குள் வராமல் முற்றத்தில் நின்றே கத்தினாள்.

"எம்புருசன் சைக்கிளே மிதிக்கத் தெரியாத மனுசன்! ஒரு கட்டை வண்டி ஓட்டியிருப்பாரா? அவரு பேர்ல கொலைப்பழி எழுதுதியளோ? எம்மவ போலீசு பரிச்சை எழுதிப் பாசாயி, அடுத்த மாசம் வீட்டுக்கு விசாரிக்க வாராவ. அப்பன் பேர்ல கேசுன்னா அவளை எடுப்பாவளா?"

"கத்தாத புஷ்பம், உள்ள வந்து பேசு" என்றாள் அம்மா.

"உள்ள எதுக்கு? இவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன். எல கண்ணாடி, நீயே சொல்லு. அன்னைக்கு வண்டியில யாரு இருந்தா?"

"அவன் காய்ச்சல்ல கெடந்தான்" என்றாள் அம்மா. நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னாள். பதினாலு வருடத்துக்கு முன்பும் இப்படித்தான், இதே வேகத்தில் சொன்னாள்.

சித்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் சோடாவின் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்தான்.

"கடிதத்துல ரேடியோ பேரு வேண்டாம். எம்பேரைப் போடு" என்றான். "நான் கல்யாணம் கெட்டல. பிள்ளை குட்டி இல்ல. எனக்குப் போறதுக்கு ஒண்ணுமில்ல."

"நீ ஓட்டலையே?"

"வண்டி எங்க வண்டி. உனக்கு வண்டி ஓட்டப் படிச்சுத் தாரேன்னு ஏத்துனது நான். போலன்னு கத்துனதும் நான்தான். இன்னும் என்ன வேணும்?"

"நீ கத்துன, சரி. போனது யாரு?"

அவன் பாட்டிலை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தான். கழுவின பாட்டிலையே கழுவினான்.

எழுதிவிடுகிறேன். 2011 மே 17 அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் அம்மா சொன்னது. சொல்லிச் சொல்லி எனக்கே ஞாபகம் போலாகிவிட்டது, நெற்றியில் ஈரத்துணி போட்டதுகூட. அன்று நான்தான் வண்டி ஓட்டினேன். ஓட்டப் பழகி ஐந்தாவது நாள். மேலக்காடு விலக்கில் திரும்பும்போது எதிர்வெயில் கண்ணாடியில் அடித்தது. வண்டி வலது பக்கம் ஏறிவிட்டது. சைக்கிள் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. பிரேக் போட்டேன், வண்டி நின்றும்விட்டது. ஜன்னலில் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தேன். அவர் சைக்கிளுக்கு அடியில் கிடந்தார். அந்தப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அழவில்லை. நான் இறங்கி வருவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது. சோடா கத்தினான். நான் கியர் போட்டுப் போய்விட்டேன்.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் உயிரோடு இருந்தாராம் சுடலைமுத்து. எங்கள் வண்டியில் ஏற்றியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம்.

வண்டியை மறுநாளே கழற்றி விற்றார்கள். என் சட்டையை அம்மா எரித்தாள். மீதியை ஊர் பார்த்துக்கொண்டது.

ஜூன் 9, திங்கள்

பிருந்தாவின் பள்ளி விடும் நேரம் பார்த்துப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கல்யாணமாகி எட்டு வருஷம்" என்றாள் கடைசியில். "எட்டு வருஷமா உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டிருக்கேன். வெயில், தண்ணி சரியில்லன்னு சொன்னீங்க."

"பிருந்தா..."

"நான் வாங்கித் தந்த நோட்டுலயும் பொய்தான் எழுதியிருக்கீங்களா?"

"முதல் மூணு நாள்."

"அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள். "இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

தெரியவில்லை என்றேன். வைத்துவிட்டாள். ஏழு மணிக்கு நான் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அம்மாதான் போய்ச் சொல்லியிருக்கிறாள். நான் காலையில் அவளிடம், கடிதத்தைக் கொடுக்கப்போவதில்லை, ஸ்டேஷனில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அரை மணி நேரத்தில் தலைவர் மாமா வந்துவிட்டார். கூட வாட்ச், பாம்பே, ஒத்தப்பல், இன்னும் இரண்டு பேர். வீட்டுக்குள் உட்கார இடமில்லை. யாரும் சிரிக்கவில்லை.

"என்னல கேள்விப்படுதேன்?" என்றார் மாமா.

"நான் ஓட்டினேன்னு சொல்லப் போறேன் மாமா. ஊரைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"ஊரைப் பத்திச் சொல்லாம இதைச் சொல்ல முடியுமாக்கும்? கண்ணாடி மாட்டிக்கிட்டு நின்னது யாரு? இவன், இவன், இவன். இன்னைக்கு இவன் மவன் கவர்மெண்டு வேலையில இருக்கான். அத்தனை பேரையும் கோர்ட்டுல நிறுத்துவியா? உனக்காவத்தானல நின்னாவ!"

"எனக்காக நிக்கச் சொல்லி நான் கேக்கலையே."

"கேக்கல. முதல் பஸ்ல ஏறிப் போயிட்ட" என்றார் வாட்ச் சுயம்பு. அவர் என் அப்பாவின் சிநேகிதர். அப்பா இறந்தபோது பாடை தூக்கியவர். அவர் குரலில் இருந்தது கோபமா அவமானமா என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

மேசை மேல் இருந்த என் போனை மாமா எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ரெண்டு நாளைக்கு வீட்டுல கெட. மனசு அடங்கும். பஸ்காரன்கிட்டயும் ஆட்டோக்காரன்கிட்டயும் சொல்லியாச்சு. கடிதத்தை நானே குடுத்திருதேன். எங்க அது?"

அம்மா உள்ளே போய் என் பையிலிருந்து கவரை எடுத்து வந்து கொடுத்தாள்.

அவர்கள் போன பிறகு தெருமுனையில் பாம்பே சுயம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் வந்தபோதெல்லாம் வணக்கம் சொல்வது போலக் கையைத் தூக்கினார்.

சாயந்திரம் அம்மா விளக்கு வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அந்தப் பிள்ளைக்கு இன்னும் கால் சரியாவலையா?"

"இல்லம்மா. இழுத்துத்தான் நடக்கா."



ஜூன் 11, புதன்

விடிந்து எழுந்தபோது பின்வாசல் கதவு திறந்து கிடந்தது. அம்மா எப்போதும் தாழ்போட்டுவிட்டுத்தான் படுப்பாள். அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அவள் திரும்பவில்லை.

சோடாவின் வீட்டுப் பின்புறம் போய்க் கூப்பிட்டேன். "டவுனுக்கு நடந்து போற வழி உனக்குத்தான் தெரியும்" என்றேன். உடனே சட்டையை மாட்டிக்கொண்டான்.

ரோடு வழியாகப் போனால் எட்டு கிலோமீட்டர். நாங்கள் பனங்காட்டுக்குள் சுற்றிக்கொண்டு போனோம். இரண்டு இடத்தில் ரோட்டை ஒட்டி வர வேண்டியிருந்தது. முதல் இடத்தில் வாட்ச் சுயம்புவின் பைக் மெதுவாகப் போய்த் திரும்பி வந்தது. உடைமரத்துக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தோம். சோடாவுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் பத்தடி நடந்தா மேலக்காடு விலக்கு. நான் அந்த இடத்தைத் தாண்டுனதே கெடையாது, சுத்தித்தான் போவேன்" என்றான். இன்று வேறு வழியில்லை. இரண்டு பேரும் அந்த இடத்தைத் தாண்டினோம். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள்.

பத்தே முக்காலுக்கு டவுன் போய்ச் சேர்ந்தோம். ஸ்டேஷன் வாசலில் தலைவர் மாமாவின் கார் நின்றது. கடிதம் கொடுக்க வந்திருக்கிறார். சோடா என் கையைப் பிடித்தான். நான் ஸ்டேஷனுக்குப் போகாமல் எதிரே ஜெராக்ஸ் கடைக்குள் ஏறினேன்.

இசக்கி எங்களைப் பார்த்தாள். கால் முள் கீறி ரத்தமாக இருந்தது இரண்டு பேருக்கும்.

"ஒரு தாள் அடிக்கணும்" என்றேன். "அன்னைக்கு நான் சென்னைச் சுயம்புன்னு சொன்னேன். ஊர்ல என் பேரு கண்ணாடிச் சுயம்பு."

அவள் எழுந்து நின்றாள். என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சோடாவைப் பார்த்து, "நீங்கதான் கத்துனது" என்றாள். சோடா தலையைக் குனிந்துகொண்டான்.

அடிப்பாள் என்று நினைத்தேன். கூட்டத்தைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்தாள், புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். "நானே அடிக்கேன். சொல்லுங்க" என்றாள்.

பெயர், ஊர், தேதி சொன்னேன். அடித்தாள். "மேலக்காடு விலக்கில் திரும்பும்போது வண்டி சைக்கிள் மேல் மோதிவிட்டது" என்றேன். விரல்கள் நின்றன.

"வண்டி மோதிட்டுதா?"

"ஆமா" என்றேன்.

"வண்டியை ஓட்டுனது யாரு? மோதினேன்னு சொல்லுங்க. அப்படித்தான் அடிப்பேன்."

"மோதினேன்" என்றேன்.

அடித்தாள். நான் திரும்பிப் பார்த்ததை, போனதைச் சொன்னேன். எல்லாவற்றையும் அடித்தாள். விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது. ஓரிடத்தில் முகத்தைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள், கையை எடுக்கவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

"எங்கப்பா?" என்றாள்.

"என்ன?"

"எங்கப்பா எப்படி வந்தாரு? அதைச் சொல்லல நீங்க."

அவர் எப்படி வந்தார் என்று பதினாலு வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். நன்றாகவே தெரிந்தது.

"அவர் இடது ஓரமாத்தான் வந்தார்" என்றேன். "மண்ணுல எறங்கியே வந்தார். என்னைப் பார்த்து பெல் அடிச்சார். அவர் மேல எந்தத் தப்பும் இல்ல. குடிச்சிருந்தார்னு எங்க ஊர் சொன்னது பொய்."

அதையும் அப்படியே அடித்தாள். மூன்று பிரதி எடுத்தாள். நானும் சோடாவும் கையெழுத்துப் போட்டோம். ஒன்றைத் தன் கைப்பைக்குள் மடக்கி வைத்தாள். ஷட்டரை இறக்கிவிட்டு எங்களுக்கு முன்னால் காலை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். நாங்கள் பின்னால் போனோம். எஸ்.ஐ. ஆக்னஸின் மேசை முன்னால் தலைவர் மாமா கவரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 19, சனி

இத்தனை நாளாக எழுதவில்லை.

ஜாமீனில் இருக்கிறேன். சோடாவும் அப்படித்தான். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் ஊரில்தான் வாசம். மஸ்கட் வேலை போய்விட்டது. அம்பத்தூர் கம்பெனியிலும் நின்றுவிடச் சொல்லிக் கடிதம் வந்தது. தலைவர் மாமாவையும், அன்று கண்ணாடி மாட்டி நின்றவர்களில் எட்டுப் பேரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்ன ஆகும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. தங்கபுஷ்பம் சித்தி மட்டும் மீன் குழம்பு கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிருந்தா போன வாரம் வந்தாள். முதல் தடவையாக எங்கள் ஊரைப் பார்த்தாள். இரண்டு நாள் இருந்தாள். இந்த நோட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேருந்து ஏறும்போது, "கேஸ் தேதி எப்பன்னு மெசேஜ் போடுங்க. லீவு சொல்லணும்" என்றாள்.

இன்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது இசக்கி கடை வாசலில் நின்றிருந்தாள். இத்தனை நாள் நான் அந்தப் பக்கம் பார்க்காமலே போய்விடுவேன். இன்று அவளே கூப்பிட்டாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். தாண்டிப் போகும் தைரியம் இல்லை.

"அந்தத் தாளை எங்கம்மைக்கு வாசிச்சுக் காட்டுனேன்" என்றாள். ரோட்டில் லாரி போனதால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "பெல் அடிச்சாருன்னு இருக்குல்லா, அதை மட்டும் நாலு தடவை வாசிக்கச் சொன்னா. அப்புறம் பெட்டியில இருந்து படத்தை எடுத்தா. ஆணி அடிக்க எனக்கு எட்டல, பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டோம்."

நான் தலையாட்டினேன். அவள் உள்ளே போய்விட்டாள். கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள்.